இருவரும் காணாத பிறை

அல்லாஹ்வின் சாந்தி உன்மீதும், நீ போய்ச் சேர்ந்திருக்கும் வீட்டார்மீதும் உண்டாகட்டும், மகள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் உன் கைகளுக்கு மருதோன்றி இட்டுக்கொண்டிருந்தபோது நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "உம்மா, அங்க போனா நான் எந்தப் பெருநாள எடுக்கிற? ஒங்கடயா, மாமாடயா?" சுற்றியிருந்த பெண்களுக்கு அது பகிடியாகப் பட்டது. "ரெண்டையும் எடு புள்ள, ரெண்டு உடுப்புக் கெடைக்கும்" என்றாள் உன் வாப்பாவின் தங்கச்சி. எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஆனால் உன் விரல்கள் என் கைக்குள் விறைத்துப் போயிருந்தன. நான் தலையைக் குனிந்துகொண்டு, ஏற்கனவே இட்ட இடத்திலேயே மறுபடியும் மருதோன்றியை வைத்தேன். வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது சொல்லக்கூடிய பதில் என்னிடம் இருக்கவில்லை. இப்போது வீட்டில் ஆட்கள் இல்லை. இரவல் வாங்கிய கதிரைகளைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. பந்தல் கம்புகளையும் கழற்றிவிட்டார்கள். நோன்புக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. அதற்குள் உனக்குப் பதில் வந்து சேரவேண்டும் என்று எழுதுகிறேன்.

மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருக்கவேண்டும் என்பது நம்மிடம் உள்ள வழக்கம். உன்னை மட்டும் நான் கட்டுகஸ்தோட்டையிலிருந்து கடுகண்ணாவைக்கு அனுப்பிவிட்டேன் என்று ஊரில் சிலருக்கு என்மேல் குறை. உன் மாமி கால் விழுந்து படுக்கையில் கிடக்கிறாள். அந்த வீட்டில் வேறு பெண் இல்லை. என் கூடப்பிறந்தவரின் வீடு, உன் மாமா வீடு, அங்கே நீ ராத்தூக்கம் கெட்டு அழமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால் அனுப்பினேன். நான் தனியாக இருக்கிறேன் என்று நீ கவலைப்படாதே. உன் வாப்பாவின் தங்கச்சி குடும்பம் பின்வீட்டில்தானே இருக்கிறது. கூப்பிட்ட குரலுக்கு வருவார்கள். ஆனாலும் சோறு ஆக்கும்போது இன்னமும் கை உனக்கும் சேர்த்துத்தான் அரிசி அள்ளுகிறது.

நான் படித்த பெண் என்று நீ உன் சிநேகிதிகளிடம் சொல்வாய். நான் பள்ளிக்கூடம் போனவள் அல்ல. பதினைந்து வயதில் உன் வாப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டபோது ஓதத் தெரியும், தமிழை எழுத்துக்கூட்டத் தெரியும், அவ்வளவுதான். புடவைக் கடையை மூடிவிட்டு வரும்போது அவர் கண்டி டவுனிலுள்ள வாசிகசாலையிலிருந்து எனக்காகப் புத்தகம் எடுத்து வருவார். பெண்பிள்ளை அங்கே போய் எடுக்க முடியாத காலம். இங்கிலீசுப் புத்தகமாக இருந்தால் தானே வாசித்துத் தமிழில் சொல்வார். அப்படி வந்த புத்தகங்களில் ஒன்று வானத்தைப் பற்றியது. படங்கள் நிறைய இருந்ததால் எடுத்தேன் என்றார். அதைத் திருப்பிக் கொடுக்க எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. தவணை தவறித் தவறி, வாசிகசாலைக்காரர் முகத்தைச் சுளிக்கும்வரை வைத்திருந்தோம்.

மனிதன் முதன்முதலில் வானத்தை ஏன் கவனித்தான் என்று அந்தப் புத்தகத்தில் இருந்தது. அழகுக்காக என்று நான் நினைத்திருந்தேன். பாபிலோன் தேசத்தில் குருமார் செங்கல் கோபுரத்தில் ஏறி நின்று மாதாமாதம் பிறையைத் தேடினார்களாம். அவர்கள் கண்டு சொன்ன பிறகுதான் ஊருக்கு மாதம் பிறக்கும். மிசுறு தேசத்தில் ஒரு பெரிய நட்சத்திரம் விடியலுக்கு முன்னால் கீழ்வானில் மறுபடி தலைகாட்டும்போது, நைல் நதி பெருகப்போகிறது என்று உழவர்கள் அறிந்துகொண்டார்களாம். விதைப்பு, அறுவடை, வரி, திருவிழா, கப்பல் புறப்படும் நாள் எல்லாமே அண்ணாந்து பார்த்துத்தான் முடிவாயின. நான் இதைப் பற்றி வெகுநாள் யோசித்திருக்கிறேன். ஆயிரம் பேர் ஒரு வேலையை ஒரே நாளில் தொடங்க வேண்டுமென்றால், அந்த ஆயிரம் பேருக்கும் தெரிகிற ஒன்று வேண்டும். நதி எல்லோருக்கும் தெரியாது. ராசாவின் முரசு எல்லோருக்கும் கேட்காது. வானம் ஒன்றுதான் எல்லோர் தலைக்கும் மேலே இருந்தது. இன்றைக்கு இன்ன நாள் என்று ஒரு கூட்டம் மனிதர்கள் ஒத்துக்கொண்ட பிறகுதான் சந்தையும் ஊரும் சட்டமும் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நீ வளர்ந்த இந்தக் கண்டியையே பார். பெரஹர ஊர்வலம் எப்போது என்று நிலவைக் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா புது வருஷத்துக்கு அடுப்பு மூட்ட, சூரியன் ராசி மாறும் நேரத்துக்குக் காத்திருக்கிறாள். கடைத்தெருவில் உள்ள தமிழ் முதலாளிமார் பஞ்சாங்கம் பாராமல் புதுக்கணக்குத் தொடங்குவதில்லை. நம்முடைய ஆட்கள் இந்தத் தீவுக்கு வந்ததே நட்சத்திரத்தை நம்பித்தான். வெள்ளைக்காரன் இன்றைக்கும் சில நட்சத்திரங்களை அரபுப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறான் என்று உன் வாப்பா சொல்லும்போது, அவரே பெயர் வைத்தவர்போல முகத்தில் ஒரு பெருமை வரும். பிறகு பறங்கியர் கரையிலிருந்து துரத்த, கண்டி ராசா மலைக்குள் இடம் கொடுத்தார். உயிர் தப்பினோம். ஆனால் கடலோரத்தில் மேற்கு வானம் அடிவரை திறந்து கிடக்கும். இங்கே மலை. முதல் பிறை நூல்போல மெல்லியதாய், சூரியன் போன கையோடு தானும் இறங்கிவிடும். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நின்று நம் ஆண்கள் எத்தனை வருஷம் கழுத்து நோகப் பார்த்திருக்கிறார்கள். பிறை இருந்திருக்கும். நடுவில் மலை நிற்கும். கடுகண்ணாவை அப்படியில்லை. கணவாயில் நின்றால் மேற்கே சமவெளி தெரியும். அதனால் அந்த ஊரார் தங்கள் கண்ணையே நம்புவார்கள். அதிலும் உன் மாமா, பிறை பார்ப்பதில் அந்த ஊருக்கே கண்ணாக இருந்தவர்.

அந்தப் பெருநாளைப் பற்றி உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. உனக்கு அப்போது ஏழு வயது. சித்திரை வருஷப்பிறப்பும் நோன்புப் பெருநாளும் ஒரே வாரத்தில் வந்த வருஷம். சித்திரை மாதத்து மழை பின்னேரமானால் இறங்கிவிடும். இருபத்தொன்பதாம் நோன்பு அன்று இங்கேயும் மழை, அங்கேயும் மூடுபனி. யாரும் எதையும் காணவில்லை. கொழும்பில் கடை வைத்திருந்த என் தம்பி, பிறை கண்டாகிவிட்டது என்று இரண்டு வீட்டுக்கும் ஒரேமாதிரித் தந்தி அனுப்பினான். இங்கே பள்ளிவாசலில் பெருநாள் தக்பீர் தொடங்கிவிட்டது. மறுநாள் காலை உன் வாப்பா தொழுதுவிட்டு வந்து, "வாங்க, மச்சான் வீட்டுக்குப் போவோம். அவரு பசியோட காத்துக்கிட்டு ஈப்பாரு" என்றார். பெருநாள் அன்று நம் வீட்டு வட்டிலப்பத்தை உன் மாமா வாயில் வைத்த பிறகுதான் அவருக்குப் பெருநாள். அந்த இருவரும் என்னை வைத்து உறவானவர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒருதாய்ப் பிள்ளைகள்போல இருந்தார்கள். அதே தந்தி அங்கேயும் போயிருக்கிறது, அதனால் அங்கேயும் பெருநாள்தான் என்பதில் உன் வாப்பாவுக்குச் சந்தேகமே வரவில்லை. நானும் சந்தேகப்படவில்லை.

ரயிலில் போனோம். நீ புதுச் சட்டையோடு சன்னலை விட்டு நகரவில்லை. வாயில் இனிப்புத் தொதல். மாமா வீட்டு வாசலில் கால் வைத்தபோது அடுப்பில் புகையில்லை. உன் மாமி பழைய உடுப்போடு வந்து எங்களைப் பார்த்துவிட்டு, தன் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நீ ஓடிப்போய் மாமாவின் மடியில் ஏறி, கையில் மிச்சமிருந்த தொதலை அவர் வாய்க்கு நேரே நீட்டினாய். அவர் முகத்தைத் திருப்பினார்.

"என்ன மச்சான், தந்தி கெடைக்கல்லயா?" என்றார் உன் வாப்பா.

"கெடச்சிச்சி. கம்பி கண்ட பிறைக்கு நான் நோன்ப விடுறல்ல."

"கம்பியா? ஒங்கட தம்பி அனுப்பினது மச்சான்!"

"தம்பி அனுப்பினான். தம்பி கண்டானா? யாரு கண்டதுன்னு அதுல ஈக்கா? சாட்சி செல்ல வார ஆளுக்கு முகம் ஈக்கணும்."

உன் வாப்பா முதலில் சிரித்தார். மாமாவின் கடை ஸ்டேசனுக்கு முன்னால் இருப்பது உனக்குத் தெரியுமே. "ரயில் வருதுன்னு ஸ்டேசன் கம்பி செல்லக்குள்ள மட்டும் தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்க வைக்கிறீங்க. அதுக்கு முகம் வேணாமோ?" என்றார்.

"ரயில் வராட்டித் தண்ணி நட்டம். நோன்பு போனா?"

"அப்ப கடுகண்ணாவைல பனி மூடினா உலகத்துக்கே பிறை இல்ல!"

அதுவரைக்கும் அது இரண்டு மச்சான்மார் பகிடி பண்ணுவதுபோலத்தான் இருந்தது. வெளியே ஆட்கள் கூடிவிட்டார்கள். புது உடுப்போடு நாங்கள் மூன்று பேர், நோன்போடு ஓர் ஊர். அவர்கள் பார்க்கிறார்கள் என்ற வெட்கத்தில்தான் உன் மாமா அதைச் சொன்னார் என்று இன்றைக்கு நினைக்கிறேன். "நோன்பாளிட வாயில பண்டத்த வைக்கப் புள்ளயப் பழக்கிக் கூட்டிக்கிட்டு வந்தீங்களா?" என்றார்.

உன் வாப்பா உன்னை அவர் மடியிலிருந்து தூக்கினார். "என்ட புள்ளய அப்பிடிச் செல்லவாணாம். இந்த வாசல இனி நான் மிதிக்கிறல்ல" என்றார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் என் கூடப்பிறந்தவர், ஒருவர் என் புருசன். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தேன். திரும்பும் ரயிலில் நீ கேட்டாய், "வாப்பா, தொதல் பழுதா?" என்று. பெருநாளுக்கு நீ தொதல் தொடாமல் விட்டது அன்றிலிருந்துதான். நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். அது உன்னால் வந்த சண்டை இல்லை, மகள். அந்தப் பிறையை உன் வாப்பாவும் காணவில்லை, உன் மாமாவும் காணவில்லை. தாங்கள் இருவருமே காணாத ஒன்றுக்காகத்தான் அவர்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள்.

அதன்பிறகு சில வருஷம் பெருநாள் இரண்டு ஊருக்கும் ஒன்றாய் வந்தது, சில வருஷம் இரண்டாய் வந்தது. ஒன்றாய் வந்தபோதும் யாரும் போகவில்லை. நான் அந்த வானத்துப் புத்தகத்தில் வந்த ஒரு கதையை நினைத்துக்கொள்வேன். முன்னொரு காலத்தில் இரண்டு படைகள் வெட்டிக்கொண்டிருக்கும்போது பட்டப்பகலில் சூரியன் இருண்டுவிட்டதாம். இரு பக்கமும் பயந்து, ஆயுதத்தைக் கீழே போட்டு, சமாதானம் பேசிக்கொண்டார்களாம். உன் வாப்பா இதை எனக்கு மறுபடியும் ஒருநாள் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "அவங்களுக்கு லேசு. ரெண்டு பக்கமும் ஒரே இருட்டக் கண்டாங்க" என்றார். அவருக்கு என் நானாமீது, உன் மாமாமீது, எவ்வளவு தேட்டம், எவ்வளவு ஏக்கம் இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

மலேரியா வந்த வருஷம் உனக்கு நன்றாக நினைவிருக்கும். மழை பொய்த்து மகாவலி ஆறு குட்டை குட்டையாய்த் தேங்கிக் கிடந்தது. வீட்டுக்கு வீடு காய்ச்சல். அந்தக் காய்ச்சலோடு சேர்ந்து நோன்பு மாதமும் வந்தது. உன் வாப்பாவுக்கு ஒரு நோன்புகூடப் பிடிக்க முடியவில்லை. கொயினா மருந்தில் காது அடைத்து, கண் மஞ்சளாகிக் கிடந்தார். மாதம் முடிகிற அந்தியில் பள்ளிவாசலில் தக்பீர் கேட்டது. அடைத்த காதிலும் அது அவருக்குக் கேட்டிருக்கிறது. "பெருநாளா?" என்றார். ஆமென்றேன். "மச்சானுக்கும் நாளைக்கித்தானா?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை. கொழும்பிலிருந்து தந்தி வந்ததென்று மட்டும் தெரியும். கடுகண்ணாவையில் வானம் எப்படி இருந்ததோ தெரியாது. மறுநாள் நம்முடைய பெருநாள். அன்று பின்னேரத்து அஸர் தொழுகை நேரத்தில் அவர் போய்விட்டார். நீ தலைமாட்டில் இருந்தாய்.

அடுத்த நாள் காலை நடந்ததை நீ காணவில்லை. உன்னை உள்ளே படுக்கவைத்திருந்தார்கள். முதல் ரயிலில் உன் மாமா வந்தார். புதுச் சாரம், புதுத் தொப்பி, கிட்ட வரும்போதே அத்தர் வாசம். நம் வீட்டுக்கு முன்னால் ஆட்கள் நிற்பதைக் கண்டு, பெருநாள் கூட்டம் என்று நினைத்தாரோ என்னவோ, முகத்தில் சிரிப்போடு நேரே உள்ளே வந்தார். "தங்கச்சி, மச்சான் எழும்பிட்டாரா? நான் வந்து ஈக்கிறேன்னு செல்லு" என்றார்.

"இண்டைக்கி என்ன நாள், நானா?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை.

"பெருநாள்" என்றார். சொல்லும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

மச்சானுக்குக் காய்ச்சல் கடுமை என்று அவருக்கு ஒரு வாரத்துக்கு முன்பே செய்தி போயிருக்கிறது. போய்ப் பாருங்கள் என்று மாமி அழுதிருக்கிறாள். "பெருநாளைக்கிப் போறேன். சேர்றதுக்கு அதவிட நல்ல நாளா?" என்று சொல்லியிருக்கிறார். பிறைக்காகக் காத்திருந்திருக்கிறார். கொழும்புப் பிறைக்குப் புறப்பட்டிருந்தால் உன் வாப்பாவின் கையைப் பிடித்திருப்பார். அவருடைய பிறை ஒரு நாள் பிந்திவிட்டது. அந்தப் புது உடுப்போடு மையத்தைத் தோள்கொடுத்துச் சுமந்துபோனார். அதற்குப் பிறகு அவர் மேற்கே பார்ப்பதை விட்டுவிட்டார் என்று மாமி சொன்னாள். இப்போது வேறு ஆட்கள் பார்த்துச் சொல்கிறார்கள், அவர் கேட்டுக்கொள்கிறார்.

உன்னை மகனுக்குக் கேட்டு அவர் வந்தபோது, வாசலில் நின்றுகொண்டே கேட்டார். உட்காரவில்லை. நான் மறுத்தால் அப்படியே திரும்பிப் போக ஆயத்தமாக நின்றார். நான் சம்மதித்தது அவருக்கு ஆறுதல் கொடுக்க என்று நினைக்காதே. உன் மச்சான் நல்ல பிள்ளை, உனக்கும் பிடித்திருந்தது. ஆனால் அவர்களுடைய ஊர் இன்னமும் கண்ணை நம்பும் ஊர், நம்முடையது தந்தியை நம்பும் ஊர். அது மாறவில்லை. நீ கேட்ட கேள்வி பகிடியான கேள்வி இல்லை என்று எனக்குத் தெரியும். எந்தப் பெருநாளை எடுத்தாலும் ஒன்றில் வாப்பாவுக்கு, இல்லாவிட்டால் மாமாவுக்குத் துரோகம் செய்ததாகிவிடுமோ என்று உனக்குப் பயம்.

நான் சொல்கிறேன், கேள். நீ எந்த ஊரில் இருக்கிறாயோ அந்த ஊரின் பெருநாளை எடு. ஒருவன் பிரயாணம் போய்ச் சேர்ந்த ஊரில் மக்கள் நோன்பிருந்தால் அவர்களோடு சேர்ந்து அவனும் நோன்பிருக்க வேண்டும் என்றுதான் நம் மார்க்கத்துப் பெரியவர்களும் வகுத்திருக்கிறார்கள். முதன்முதலில் வானத்தைப் பார்த்தவர்கள் எதற்காகப் பார்த்தார்களோ, அதுவும் அதுதான், பக்கத்தில் இருப்பவனோடு ஒரே நாளில் நிற்பதற்கு. அங்கே உன்னோடு ஒரே சட்டியில் உண்பவர்கள் நோன்பு என்றால் உனக்கும் நோன்பு. இங்கே பெருநாளாயிற்றே, உம்மா தனியாக இருப்பாளே என்று நினைத்து அன்று உன் முகம் வாடக்கூடாது. மாமியின் கண்ணுக்கு அது உடனே தெரிந்துவிடும். மாமாவின் கண்ணுக்கும் தெரியும்.

என்னையும் அங்கே வந்து அவர்களோடு பிறை பார்க்கச் சொல்லி நீ கூப்பிடுவாய். கடைசி நோன்புக்கு முன்பே வாருங்கள், எல்லோருக்கும் ஒரே பெருநாளாக இருக்கட்டும் என்பாய். நானும் அதை யோசித்தேன். நல்ல வழிதான். ஆனால் என்னால் முடியாது, மகள். இந்த ஊர்ப் பெருநாள் உன் வாப்பா கண்ட கடைசிப் பெருநாள். அன்று அஸர் வேளையில் இந்த வீட்டில் அவருக்காக ஓதுவதற்கு இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். அதை விட்டுவிட்டு வர எனக்குக் கால் வராது.

அதனால் இப்படிச் செய்வோம். இரண்டும் ஒன்றாய் வந்தால் அல்லாஹ்வுக்கே புகழ், ஓதி முடித்துப் பின்னேரத்து ரயிலில் வருகிறேன். இரண்டாய் வந்தால், என்னுடைய நாளை நான் இங்கே கழித்துக்கொள்கிறேன். உன்னுடைய பெருநாள் காலை முதல் ரயிலில் வருவேன். புது உடுப்பை அன்றைக்குத்தான் உடுத்துவேன். நீ தரும் சோற்றை அன்றைக்குத்தான் முதன்முதலாய்ப் பெருநாள் சோறு உண்பவளைப்போல உண்பேன். உம்மாவுக்குப் பெருநாள் நேற்றா இன்றா என்று அந்த வீட்டில் யாரும் கேட்க வேண்டாம் என்று உன் மச்சானிடம் முன்கூட்டியே சொல்லிவை. மாமா கேட்டால், இன்றைக்குத்தான் என்று நானே சொல்லிக்கொள்வேன்.